ரன்னிங் பேக்கை எத்தனாவது ஆளாக எடுப்பது?

2018 ஏப்ரலில் டெக்சஸ் மாநிலம் ஆர்லிங்டனில் அமெரிக்க ஃபுட்பால் லீகான என்எஃப்எல்லின் டிராஃப்ட், அதாவது அணிகள் புது வீரர்களை எடுத்துக்கொள்ளும் நிகழ்ச்சி, மூன்று நாள் நடந்தது. முதல் நாள் இரவு, இரண்டாவது ஆளாக நியூயார்க் ஜயன்ட்ஸ் எடுத்தது சேக்வான் பார்க்லி என்ற ரன்னிங் பேக்கை, அதாவது பந்தை ஏந்தி ஓடுபவரை. மூன்றாம் நாள், கடைசிச் சுற்றில், 233-வது ஆளாக ஜோர்டன் மைலாட்டாவை ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் எடுத்தது. மைலாட்டா ஆஸ்திரேலியர், ரக்பி லீக் ஆடி வளர்ந்தவர். ஆறடி எட்டு அங்குல உயரம், 150 கிலோவுக்கு மேல் எடை. அமெரிக்க ஃபுட்பாலில் அதுவரை ஒரு போட்டிகூட ஆடியதில்லை.

ஆறு வருடம் கழித்து இருவரும் ஒரே அணியில் இருந்தார்கள். மைலாட்டாவும் முன்வரிசையில் அவரோடு நின்ற நால்வரும் எதிராளிகளைத் தள்ளி வழி விட, 2024 சீசனில் பார்க்லி 2,005 யார்டு ஓடினார். 2025 பிப்ரவரியில் ஈகிள்ஸ் 40-22 என்ற கணக்கில் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸை வீழ்த்தி சூப்பர் பௌல் என்ற இறுதிப் போட்டியை வென்றது. ஜயன்ட்ஸில் இருந்த ஆறு வருடங்களில் பார்க்லி ஒரு சீசனில் அதிகபட்சமாக ஓடியது 1,312 யார்டு. அதே ஆள், அதே கால்கள். வயது மட்டும் கூடியிருந்தது.

ரன்னிங் பேக்கை டிராஃப்டில் எவ்வளவு சீக்கிரம் எடுக்கலாம் என்ற விவாதம் அமெரிக்காவில் இருபது வருடமாக ஓயாமல் நடக்கிறது. பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஓடுகிற ஆளை மட்டுமே எடைபோடுகிறார்கள். எனக்கு அது போதாது. அவருக்கு முன்னால் நிற்கும் ஐந்து பேர், டிராஃப்ட் வரிசை, சம்பள விதி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த மதிப்பு ஏன் விழுந்தது, ஏன் இப்போது கொஞ்சம் எழுந்திருக்கிறது என்பது பிடிபடும்.

ஆட்டம் புதிதாக இருப்பவர்களுக்குச் சுருக்கமாக: பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்து யார்டு, அதாவது சுமார் ஒன்பது மீட்டர், முன்னேற வேண்டும். குவார்ட்டர்பேக் பந்தைத் தூர எறியலாம், அல்லது பக்கத்தில் நிற்கும் ரன்னிங் பேக் கையில் கொடுத்து ஓட விடலாம். முன்வரிசையில் நிற்கும் ஐந்து பெரிய உடம்புக்காரர்களின் வேலை எதிரணியைத் தடுப்பது. டிராஃப்ட் என்பது கல்லூரி வீரர்களை 32 அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் நிகழ்ச்சி. ஐபிஎல் ஏலம் போல விலை கேட்பது இங்கே கிடையாது. முந்தைய சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. இப்படி ஏழு சுற்று. எடுத்த அணி தவிர வேறு அணியில் அந்த இளைஞன் சேர முடியாது. முறையை வேறு அணிக்கு விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம். அதனால் ஒவ்வொரு முறைக்கும் ஒரு விலை உண்டு.

ஒரு காலத்தில் ரன்னிங் பேக்குக்காக அணிகள் வீட்டையே அடகு வைக்கும். 1989-இல் ஹெர்ஷல் வாக்கர் என்ற ஒருவருக்காக மின்னசோட்டா வைக்கிங்ஸ் ஐந்து வீரர்களையும் டிராஃப்ட் முறைகள் பலவற்றையும் டாலஸ் கௌபாய்ஸுக்குக் கொடுத்தது. அந்த முறைகளில் ஒன்றைப் பயன்படுத்தி முன்னேறித்தான் 1990-இல் டாலஸ் 17-வது ஆளாக எம்மிட் ஸ்மித்தை எடுத்தது. ஸ்மித் ஓடி முடித்தபோது கணக்கு 18,355 யார்டு. இன்றுவரை அதை யாரும் தாண்டவில்லை. 1999-இல் நியூ ஆர்லியன்ஸ் பயிற்சியாளர் மைக் டிட்கா, ரிக்கி வில்லியம்ஸ் என்ற ஒரே ஆளுக்காக அந்த வருடத்து முறைகள் அத்தனையையும், அடுத்த வருடத்து முதல் சுற்று, மூன்றாம் சுற்று முறைகளையும் தாரை வார்த்தார். 2005-இல் முதல் ஐந்து பேரில் மூன்று பேர் ரன்னிங் பேக்: ரானி பிரவுன், செட்ரிக் பென்சன், காடிலாக் வில்லியம்ஸ்.

அதே 2005 டிராஃப்டில், மூன்றாவது சுற்றில் 65-வது ஆளாக சான் ஃப்ரான்சிஸ்கோ எடுத்தது ஃப்ராங்க் கோரை. கல்லூரியிலேயே இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை ஆனவர். அவர் 16 சீசன் ஆடி சரியாக 16,000 யார்டு ஓடினார். முதல் ஐந்துக்குள் போன அந்த மூவரும் ஓடியதைக் கூட்டினாலும் அவ்வளவு வரவில்லை.

இதற்கெல்லாம் முன்பே டென்வரில் ஒரு பாடம் நடந்திருந்தது. அங்கே பயிற்சியாளர் மைக் ஷனஹனும், முன்வரிசையைப் பழக்கிய அலெக்ஸ் கிப்ஸும் ஒரு உத்தியைக் கொண்டுவந்தார்கள். முன்வரிசை ஐவரும் ஒரே பக்கமாக நகர்ந்து தடுப்பார்கள். பின்னால் வருபவர் எங்கே இடைவெளி தெரிகிறதோ அங்கே ஒரே வெட்டாகத் திரும்பி ஓட வேண்டும். 1995-இல் ஆறாவது சுற்றில், 196-வது ஆளாக வந்த டெரல் டேவிஸ் இந்த உத்தியில் 1998-இல் 2,008 யார்டு ஓடினார். அடுத்த வருடம் அவர் முழங்கால் போனது. நான்காவது சுற்றில் எடுத்த ஒலாண்டிஸ் கேரி அந்த இடத்துக்கு வந்து 1,159 யார்டு. 2000-இல் ஆறாவது சுற்று மைக் ஆண்டர்சன் 1,487 யார்டு. 2002-இல் இரண்டாவது சுற்று கிளின்டன் போர்ட்டிஸ் 1,508. கடைசியில் போர்ட்டிஸைக் கொடுத்து வாஷிங்டனிடமிருந்து சாம்ப் பெய்லி என்ற தடுப்பாட்டக்காரரை, மேற்கொண்டு ஒரு இரண்டாவது சுற்று முறையோடு, டென்வர் வாங்கிக்கொண்டது. பெய்லி பிற்பாடு, ஆட்டத்தின் பெரிய வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கே போனார்.

ஆள் மாற மாறக் கணக்கு பெரிதாக மாறவில்லை என்பதை மற்ற அணிகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. ஆனாலும் பழைய நம்பிக்கை லேசில் போகவில்லை. அதைத் தகர்த்தது 2012 என்று சொல்வேன். அந்த வருடம் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ், டிரென்ட் ரிச்சர்ட்சனைத் தவறவிடக் கூடாது என்று கூடுதல் முறைகளைக் கொடுத்து ஒரு படி ஏறி மூன்றாவது ஆளாக எடுத்தது. 173-வது ஆளாக, ஆறாவது சுற்றில், வாஷிங்டனுக்குப் போனவர் ஆல்ஃப்ரெட் மாரிஸ். முதல் சீசனில் மாரிஸ் ஓடியது 1,613 யார்டு. ரிச்சர்ட்சன் அடுத்த செப்டம்பரிலேயே இண்டியானாபொலிஸுக்கு விற்கப்பட்டார். மொத்த வாழ்க்கையில் ஒரு ஓட்டத்துக்கு அவருடைய சராசரி 3.3 யார்டு. 2013 டிராஃப்டின் முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக்கைக்கூட யாரும் எடுக்கவில்லை. 2014-லும் இல்லை. அந்த வருடம் முதலில் போன ரன்னிங் பேக் பிஷப் சாங்கி, அதுவும் 54-வது ஆளாக.

இதற்குப் பின்னால் ஆட்டத்தின் விதிகள் மெல்ல மாறிய கதையும் இருக்கிறது. 1978-இல் இரண்டு மாற்றம் வந்தது. பந்து பிடிக்க ஓடுபவரைத் தடுப்பாட்டக்காரர் ஐந்து யார்டு தாண்டித் தொடக் கூடாது. முன்வரிசை ஆட்கள் கையை நீட்டி, உள்ளங்கையை விரித்துத் தடுக்கலாம். 2004-இல் முதல் விதியைக் கறாராக அமல்படுத்தச் சொன்னார்கள். பந்தை எறிவது லேசானது. ஒரு எறிதலுக்குச் சராசரியாக ஏழு யார்டு கிடைக்கும் ஆட்டத்தில், நாலே கால் யார்டு தரும் ஓட்டத்துக்கு எதற்கு முதல் சுற்று என்று அணி நிர்வாகங்களில் உட்கார்ந்திருந்த கணக்குக்காரர்கள் கேட்க ஆரம்பித்தார்கள்.

அவர்களுக்கு வலு சேர்த்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். 2019-இல் என்எஃப்எல் ஒரு தரவுப் போட்டி நடத்தியது. ரன்னிங் பேக் கைக்குப் பந்து வரும் அந்த நொடியில் மைதானத்தில் இருக்கும் 22 பேரும் எங்கே நிற்கிறார்கள், எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகப் போகிறார்கள் என்ற தகவல் தரப்படும். அந்த ஓட்டம் எத்தனை யார்டில் முடியும் என்று கணிக்க வேண்டும். வென்றது ஆஸ்திரியாவில் இருந்த இரண்டு தரவு வல்லுநர்கள். ஓடுகிறவருக்கும் ஒவ்வொரு தடுப்பாட்டக்காரருக்கும் நடுவே இருக்கும் தூரம், வேகம். தடுப்பாட்டக்காரர்களுக்கும் ஓடுபவரின் கூட்டாளிகளுக்கும் நடுவே இருக்கும் தூரம், வேகம். அவர்களுடைய மாதிரி இவற்றைத்தான் நம்பியிருந்தது. ஓடுவது யார் என்று பெயர் கேட்காமலே அது மற்ற எல்லாரையும் முந்தியது.

சரி, அப்படியானால் யார் ஓடினாலும் ஒன்றுதானா? அந்த முடிவுக்கு என்னால் வர முடியவில்லை. 2024 நவம்பர் 3, ஜாக்சன்வில்லுக்கு எதிரான போட்டியில் பார்க்லி செய்ததை நினைத்துப் பார்க்கிறேன். சின்ன பாஸ் ஒன்றைப் பிடிக்கிறார். வந்த ஒருவரை ஏமாற்றி உடம்பைச் சுழற்றுகிறார். சுழன்று முடிக்கும்போது முதுகு எதிரணிப் பக்கம் இருக்கிறது. காலைப் பிடிக்க இன்னொருவர் குனிந்து பாய்கிறார். பார்க்லி பின்பக்கமாகவே எகிறி, பார்க்காமலே அவர் தலைக்கு மேல் தாண்டி, இரண்டு காலிலும் இறங்கி மேலே போகிறார். எந்த முன்வரிசையும் இதைச் செய்து தர முடியாது. அந்த சீசனில் பிளேஆஃபையும் சேர்த்து, 60 யார்டோ அதற்கு மேலோ ஓடி, எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி அவர் டச்டவுன் போட்டது ஏழு முறை. முதல் பத்து யார்டு முன்வரிசையின் உழைப்பு என்று வைத்துக்கொண்டாலும், மிச்ச ஐம்பது அவருடையதுதான். ஆனால் அந்த முதல் பத்து இல்லாமல் மிச்ச ஐம்பதுக்கு வழியே இல்லை. ஜயன்ட்ஸில் அவருக்குக் கிடைக்காமல் போனது அதுதான்.

இங்கேதான் டிராஃப்டுக்கு உள்ளேயே ஒரு முரண் இருக்கிறது. முதலில் எடுக்கும் வாய்ப்பு யாருக்கு? தோற்றுப்போன அணிக்கு. தோற்ற அணியின் முன்வரிசை பெரும்பாலும் ஓட்டை. குவார்ட்டர்பேக் கிழவராக இருப்பார் அல்லது சரியில்லாதவராக இருப்பார். 2018-இல் ஜயன்ட்ஸ் குவார்ட்டர்பேக் ஈலை மேனிங்குக்கு வயது 37. அந்த அணியில் பார்க்லி முதல் வருடமே ஓடியும் பிடித்தும் சேர்த்து 2,028 யார்டு எடுத்தார், சிறந்த புதுமுகத் தாக்குதல் ஆட்டக்காரர் விருதும் வாங்கினார். அணி 5 வெற்றி, 11 தோல்வி. மற்ற எல்லா இடத்துக்கும் ஆள் இருக்கிற அணியில்தான் ரன்னிங் பேக் முழுப் பலன் கொடுப்பார். அப்படிப்பட்ட அணிக்கு முதல் பத்தில் முறை வருவது அபூர்வம்.

2011-இல் வந்த சம்பள ஒப்பந்தம் இதை இன்னும் சிக்கலாக்கியது. அதற்கு முன் புதுமுகங்கள் பேரம் பேசுவார்கள். 2010-இல் முதல் ஆளாகப் போன குவார்ட்டர்பேக் சாம் பிராட்ஃபோர்டுக்கு 6 வருடத்துக்கு 7.8 கோடி டாலர். அடுத்த வருடம் முதல் ஆள் கேம் நியூட்டனுக்கு 4 வருடத்துக்கு 2.2 கோடிதான். புது விதிப்படி சம்பளம் எத்தனாவது ஆள் என்பதைப் பொறுத்தது, எந்த இடத்தில் ஆடுகிறார் என்பதைப் பொறுத்ததல்ல. இரண்டாவது ஆளான பார்க்லிக்கு 4 வருடத்துக்கு 3.12 கோடி டாலர், வருடத்துக்கு 78 லட்சம். அவர் ஒரு பந்துகூடத் தொடுவதற்கு முன்பே, ரன்னிங் பேக்குகளில் நிறைய வாங்குபவர்களின் வரிசையில் அது அவரை உட்கார வைத்தது. அதே இடத்தில் ஒரு குவார்ட்டர்பேக்கை எடுத்திருந்தால்? அப்போது முன்னணி குவார்ட்டர்பேக்குக்கு வருடத்துக்கு 3 கோடி டாலர் வரை போய்க்கொண்டிருந்தது. எடுத்த ஆள் தேறிவிட்டால் வருடத்துக்கு இரண்டு கோடிக்கு மேல் மிச்சம். சம்பள உச்சவரம்புக்குள் 53 பேரைக் கட்டி மேய்க்க வேண்டிய நிர்வாகத்துக்கு அந்த மிச்சம்தான் உயிர். அந்த வருடம் ஏழாவது ஆளாக பஃபலோ எடுத்த ஜாஷ் ஆலன் அப்படித் தேறியவர்.

ஆக அணியின் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கு ஓடுகிற மனிதனை என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பள்ளி முடித்து மூன்று வருடம் ஆகாமல் டிராஃப்டுக்கு வரக் கூடாது என்பது என்எஃப்எல் விதி. ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மாரிஸ் கிளாரட் 2004-இல் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றத்தில் வென்றார், மேல்முறையீட்டில் தோற்றார். அந்தத் தீர்ப்பை எழுதியவர் பிற்பாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போன சோனியா சோட்டோமேயர். ஆகவே ரன்னிங் பேக் தன் உடம்பின் மிக நல்ல மூன்று வருடங்களைக் கல்லூரிக்காக ஓடுகிறார். பிறகு நான்கு வருடம் புதுமுக ஒப்பந்தம். முதல் சுற்று ஆள் என்றால் ஐந்தாவது வருடத்தையும் அணி தானே எடுத்துக்கொள்ளலாம். அதற்கும் மேலே ஃப்ரான்சைஸ் டேக் என்று ஒன்று: நீண்ட ஒப்பந்தம் தராமல் ஒரு வருடச் சம்பளம் கொடுத்து ஆளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை. இத்தனையும் முடிந்து சந்தைக்கு வரும்போது வயது 26, 27. நூறு கிலோ ஆட்கள் ஓடிவந்து மோதுவதை வாரத்துக்கு இருபது முறை வாங்கிய முழங்கால். உனக்கு வயதாகிவிட்டது என்று அப்போது சொல்வார்கள்.

குவார்ட்டர்பேக்குக்கும் முன்வரிசை ஆளுக்கும் இதே விதிதான். ஆனால் அவர்கள் முப்பதைத் தாண்டியும் நன்றாக ஆடுவார்கள், இரண்டாவது ஒப்பந்தத்தில் காத்திருந்ததற்குப் பலன் கிடைத்துவிடும். ரன்னிங் பேக்குக்கு உச்சம் முதல் ஒப்பந்தத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுதப்பட்ட விதி இவர்கள் மேல் மட்டும் இவ்வளவு பாரமாக விழுகிறது. இது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

2018-இல் பிட்ஸ்பர்க்கின் லீவியான் பெல் டேக் வேண்டாம் என்று சீசன் முழுக்க ஆடாமல் வீட்டில் இருந்தார். அவருடைய இடத்தில் மூன்றாவது சுற்று ஜேம்ஸ் கானர் ஓடினார். அதே வருடம் டாட் கர்லிக்கு ராம்ஸ் அணி சுமார் 6 கோடி டாலருக்கு நான்கு வருட நீட்டிப்பு கொடுத்தது. முழங்கால் ஒத்துழைக்கவில்லை, 2020 மார்ச்சில் விடுவித்தார்கள். ரன்னிங் பேக்குக்கான டேக் தொகை 2017-இல் சுமார் 1.21 கோடி டாலராக இருந்தது, 2023-இல் சுமார் 1.01 கோடிக்கு இறங்கிவிட்டது. அதே ஆறு வருடத்தில் ஓர் அணியின் மொத்தச் சம்பள வரம்பு 16.7 கோடியிலிருந்து 22.48 கோடிக்கு ஏறியிருந்தது. அந்த ஜூலையில் பார்க்லி, ஜாஷ் ஜேகப்ஸ், டோனி பொலார்டு மூவருக்கும் நீண்ட ஒப்பந்தம் கிடைக்காமல் கெடு முடிந்தது. ஆஸ்டின் எக்லர் முன்னின்று ரன்னிங் பேக்குகளை ஜூம் அழைப்பில் கூட்டிப் பேசினார். பேசி என்ன, கையில் பிடி ஒன்றும் இல்லை.

அப்புறம் காற்று கொஞ்சம் திசை மாறியது. தூர எறிதலுக்குப் பயந்து தடுப்பாட்டக்காரர்கள் இரண்டு பேரை ஆழத்தில் நிறுத்த ஆரம்பித்தார்கள். வேகத்துக்காகக் கனத்தைக் குறைத்தார்கள். முன்னால் ஆள் குறைந்ததும் ஓட்டத்துக்கு வழி கிடைத்தது. 2024 மார்ச்சில் ஜயன்ட்ஸ் மறுபடி டேக் போடாமல் பார்க்லியை விட்டுவிட்டது. ஈகிள்ஸ் மூன்று வருடத்துக்கு 3.775 கோடி டாலர் கொடுத்து எடுத்தது. பால்டிமோருக்குப் போன டெரிக் ஹென்றி 30 வயதில் 1,921 யார்டு ஓடினார். அக்டோபர் 20 அன்று பார்க்லி எதிரணியாளராக ஜயன்ட்ஸ் மைதானத்துக்கு வந்து 17 ஓட்டத்தில் 176 யார்டு எடுத்தார்.

இதைப் பார்த்து ரன்னிங் பேக்கின் காலம் திரும்பிவிட்டது என்று பலர் எழுதினார்கள். பார்க்லியும் ஹென்றியும் டிராஃப்டில் கிடைத்தவர்கள் அல்ல, வேலை முடிந்த அணிகள் கடைசியில் வாங்கிச் சேர்த்தவர்கள் என்பதை அவர்கள் கவனித்திருக்கலாம். டிராஃப்டிலேயே இதைச் சரியாகச் செய்த அணி என்று டெட்ராய்ட் லயன்ஸைச் சொல்வேன். முன்வரிசையில் டெய்லர் டெக்கர், ஃப்ராங்க் ராக்னோ, பெனய் சூயல் என்று மூன்று முதல் சுற்று ஆட்களை முன்பே சேர்த்து வைத்திருந்தார்கள். 2023-இல் 12-வது ஆளாக ஜமீர் கிப்ஸை எடுத்தபோது இவ்வளவு சீக்கிரமா என்று திட்டு வாங்கினார்கள். அவ்வளவு மேலான முறை அவர்களுக்குக் கிடைத்ததே பழைய பேரம் ஒன்றில் ராம்ஸிடமிருந்து வாங்கிய ஆறாவது இடத்தை வைத்து. அடுத்த வருடம் கிப்ஸ் 1,412 யார்டு ஓடினார். அணி 15 போட்டி வென்றது.

2025 டிராஃப்டில் முதல் சுற்றில் இரண்டு ரன்னிங் பேக் போனார்கள். பாய்சி ஸ்டேட்டின் ஆஷ்டன் ஜென்டி கல்லூரியின் கடைசி சீசனில் 2,601 யார்டு ஓடியவர். பாரி சாண்டர்ஸின் 1988 சாதனைக்கு 27 குறைவு. அவரை ஆறாவது ஆளாக லாஸ் வேகஸ் ரெய்டர்ஸ் எடுத்து, நான்கு வருடத்துக்கு 3.5 கோடி டாலருக்கு மேல் எழுதிக் கொடுத்தது. முந்தைய சீசனில் 4 வெற்றி, 13 தோல்வி கண்ட அணி அது, ஓட்டத்தில் 32 அணிகளில் கடைசி. ஓமேரியன் ஹாம்ப்டனை 22-வது ஆளாக எடுத்த லாஸ் ஏஞ்சலிஸ் சார்ஜர்ஸ் 11 போட்டி வென்ற அணி. முன்வரிசையின் இரண்டு ஓரத்திலும் ரஷான் ஸ்லேட்டர், ஜோ ஆல்ட் என்று முதல் சுற்று ஆட்கள். யாரிடம் போயிருக்கலாம் என்று ஒரு ரன்னிங் பேக்கைக் கேட்டால் தயங்காமல் சார்ஜர்ஸ் என்றிருப்பார். ஆகஸ்ட் பயிற்சி முகாமில், ஹாம்ப்டன் முதல் போட்டியை ஆடுவதற்கு முன்பே, ஸ்லேட்டரின் முழங்கால் தசைநாண் கிழிந்தது. சீசன் முழுக்க அவரால் ஆட முடியவில்லை.